கணக்கில் வராத கேன்

விலை பார்க்கும் அலுவலகத்தார் என்னைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள்.

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடு. இலையுதிர்ந்து முடிந்த சமயத்தில் ப்ரோனா என்று ஒரு பெண்ணைக் கையில் டேப்லெட்டோடு அனுப்பி, வீடு வீடாகக் கேட்டார்கள். வீட்டைச் சூடாக்க மண்ணெண்ணெய் எப்படி வாங்குகிறீர்கள், லாரியிலா கேனிலா என்று. கேன் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். நாற்பதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது ஏதோ பிசகு என்று அவர்கள் சாத்திரத்தில் எழுதியிருக்கிறதாம். தூக்கிப் போட்டுவிட்டார்கள். உண்மை பேசினவளுக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் லாரி என்றார்கள். அதில் இரண்டு மூன்று வீடு நிஜம். மீதி அத்தனையும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

எங்கள் காரிக்பானில் ஒருவன் குடித்துவிட்டு ஆலய வாசலில் உருளலாம். மகன் சிறைக்குப் போகலாம், மகள் கல்யாணத்தன்று காணாமல் போகலாம். ஊர் மறந்துவிடும். மண்ணெண்ணெய்க் கேனோடு ஒருவர் பெட்ரோல் பங்க்கில் நிற்பதைப் பார்த்தால் மட்டும் மறக்காது. லாரி வாசலில் நின்று, ஊரே கேட்க உறுமி, குழாயை இழுத்துக் கொல்லைப்புற டேங்க்கில் ஊற்றிவிட்டுப் போனால் அது குடும்பம். கேன் என்றால் அந்த வீட்டில் என்னவோ சரியில்லை. இதுதான் எங்கள் ஊர் நியாயம். உருப்படுமா?

லாரிக்காரன் முந்நூறு லிட்டருக்குக் குறைந்து வரமாட்டான். அவ்வளவுக்கும் ஒரே நாளில் பணம் எடுத்து வைக்க எங்கள் தெருவில் யாரால் முடியும்? நான் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறவள். ஆகவே கேன். லாரி எண்ணெய் லிட்டர் ஒரு பவுண்டு என்றால் கேன் எண்ணெய் ஒன்றேகால். பனி உறைந்த காலையில் பங்க்காரன் டெஸி சாக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒன்றரை என்று எழுதுவான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது அவனுக்கு வேதவாக்கு.

அவன் பங்க் ஆலயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் எங்கள் ஆட்கள் அங்கே கேனைத் தூக்குவதில்லை. காரில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான பாலினகாலுக்குப் போவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒளிந்துகொள்ள எல்லோரும் போவது அந்த ஒரே இடம்தான். அங்கே ஒருவரையொருவர் பார்த்தால் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும், அது எழுதாத சட்டம். டெஸியிடம் எண்ணெய் தீர்ந்த நாளில் நானும் அங்கே போவேன். பதினோராம் நம்பர் அசம்ப்டா மக்ராஸனை அங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் திரும்பி நின்று பஸ் அட்டவணையை மும்முரமாகப் படிப்பாள். அந்தப் பக்கம் பஸ் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், என் தம்பி யூனன் மட்டும் நன்றாக இருந்திருந்தால்.

யூனன் எனக்கு அடுத்த வீடு. இந்த ஊருக்குத் தபால் கொடுத்தே தேய்ந்தவன். மழை, பனி எல்லாம் குடித்து இப்போது அவன் நெஞ்சு ஓட்டைத் துருத்தியாகிவிட்டது. மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அறை எப்பவும் கதகதப்பா இருக்கணும். இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் இறங்கிச்சுன்னா, திரும்பி வீட்டுக்கு வருவார்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு வீட்டுக்கும் கேன் சுமந்தேன். அவன் பென்ஷனுக்கு எத்தனை கேன் வரும்? காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓடும். மீதி நேரமெல்லாம் யூனன் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

இருந்தும் ப்ரோனா வந்து கேட்டபோது அவன் என்ன சொன்னான் தெரியுமா? லாரி, ஐந்நூறு லிட்டர், ஒரு குறையும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா பொய் சொன்னே?" என்று போய்க் கேட்டேன்.

"என் வீட்டு விஷயம்க்கா."

"உன் வீட்டு எண்ணெயை யாரு சுமக்குறா?"

"சுமந்துட்டுப் போ. யார்கிட்டயும் சொல்லாதே. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். பெரியவள் என்று பெயர்தான், அவன் முகத்தைச் சுருக்கினால் எனக்குத் தாங்காது.

ஜனவரியில் சட்டமன்றக் குழு ஒன்று எங்கள் ஊருக்கே வந்தது. எண்ணெய் விலை ஏறுவதைப் பற்றி மக்களிடம் கேட்டு ஒரு விதி கொண்டுவரப் போகிறார்களாம். பட்டியலில் உள்ள அளவில் எண்ணெய் விற்கிறவன் வாராவாரம் விலையைச் சொல்ல வேண்டும், ஏற்றினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் பொருந்தாவிட்டால் அபராதம். நல்ல விதி. பட்டியலில் முந்நூறு லிட்டர் இருந்தது, ஐந்நூறு இருந்தது, தொள்ளாயிரம் இருந்தது. கேன் இல்லை.

விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். பந்தாட்டத்துக்குத் தரையில் போட்ட கோடுகளுக்கு மேலே நாற்காலி போட்டிருந்தார்கள். விலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து மிஸ்டர் பர்டன் என்பவர் வந்து திரையில் படம் காட்டினார். நல்ல மனிதர்தான், சட்டை மடிப்புக் கலையாமல் பேசினார். விலை ஏறியிருக்கிறது, ஆனால் இந்த வட்டாரத்தில் தாங்கக்கூடிய அளவுக்குள்தான் ஏறியிருக்கிறது என்றார். தாங்குகிறவர் யார் என்று சொல்லவில்லை.

நான் எழுந்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"ஐயா, நான் கேன்ல வாங்குறேன். லிட்டருக்கு ஒன்றரை கொடுத்தேன் போன வாரம். உங்க படத்துல நான் எங்க இருக்கேன்?"

அவர் தாளைப் புரட்டினார். "கேன் அவசரத்துக்கு வாங்குறதும்மா. டேங்க் தீர்ந்து லாரி வர லேட்டானா வாங்குவாங்க. வீட்டைச் சூடாக்குற முறையா அதை எடுத்துக்கிறதில்லை. உங்க குடியிருப்புல ஒரே ஒரு பதில் அப்படி வந்துச்சு. பிசகா இருக்கும்னு கழிச்சுட்டோம்."

"அந்தப் பிசகு நான்தான். நல்லா பாத்துக்கோங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பர்டனுக்குக் காது சிவந்தது. குழுவின் தலைவி ஒரு வயதான அம்மாள், தானே பின்னின மாதிரி ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களைத் தவிர வேற யாராவது கேன்ல வாங்குறாங்களாம்மா?"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. ஒருவர் விடாமல் தங்கள் ஷூவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அசம்ப்டா கைப்பைக்குள் தலையே விட்டுவிட்டாள். யூனன் அங்கே இல்லை, குளிரில் வெளியே வர அவனுக்கு முடியாது. அவன் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. பக்கத்து வீட்டில் என் தம்பி கோட்டோடு உட்கார்ந்திருக்கிறான், வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. "என்னைப் பத்தித்தான் நான் சொல்ல முடியும் மேடம். மத்தவங்களை அவங்களைத்தான் கேக்கணும்" என்றேன்.

தலைவி பர்டன் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை இந்த ஊர் பங்க்குல ஆளை நிறுத்துங்க. காலையிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். வீட்டுக்குன்னு கேன் வாங்குறவங்களை எண்ணுங்க. ஒரு தெருவே வாங்குதுன்னா பட்டியல்ல சேருங்க. இந்த அம்மா ஒருத்தர்தான்னா விட்டுடுங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று வெளியே வந்தேன். வாசல் படியில்தான் உறைத்தது. இந்த ஊர் பங்க்கில் எங்கள் ஆட்கள் யார் வருவார்கள்? அதுவும் அரசாங்கத்து ஆள் எண்ணிக்கொண்டு நிற்கும்போது?

அன்றே வீடு வீடாகப் போனேன். அசம்ப்டா கதவைப் பாதி திறந்தாள்.

"கேனா? எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமில்லை டிம்ப்னா."

"உன் கை மணக்குதே."

"புது சோப்பு."

"மண்ணெண்ணெய் வாசனையில சோப்பு விக்கிறான் போல."

கதவைச் சாத்திவிட்டாள். அடுத்தது மலாக்கி. அவன் வீட்டுக் கொல்லையில் கேன் நட்டநடுவே நிற்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாம்.

"இந்தப் பனியில எந்தச் செடிடா உயிரோட இருக்கு?"

யோசித்துவிட்டு, "பிளாஸ்டிக் செடிக்கா. தூசி படியுது, கழுவணும்ல" என்றான்.

இப்படியே ஒவ்வொரு வாசலும். சிலர் டீ கொடுத்தார்கள், சிலர் ஜோசியக்காரியைத் துரத்துவது போலத் துரத்தினார்கள். கேன்தான் வாங்குகிறோம் என்ற சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் பிடுங்க முடியவில்லை. ஆனால் ஒருவர்கூட, நீ கேனில் வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

கடைசியாக யூனனிடம் போனேன். கூட்டத்தில் நடந்ததை யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். என்னைப் பிசகு என்றதும் கூடம் சிரித்ததையும் சேர்த்து.

"உன்னை இழுக்கலை, பயப்படாதே. சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்" என்றேன்.

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "சொல்லியிருந்தா உன்னைச் சிரிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ செத்துடுவியோன்னு எனக்கு பயமா இருக்குடா. அதைத் தவிர வேற எதுவும் எனக்கில்லை."

இதுவரை அவனிடம் இப்படி நான் பேசினதில்லை. நான் டீ போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை நல்ல பனி. டெஸி வழக்கம்போலப் பலகையில் ஒன்றரை என்று எழுதியிருந்தான். ப்ரோனா பம்புக்குப் பக்கத்தில் டேப்லெட்டோடு நின்றாள், மூக்கு சிவந்து, பாவம். பர்டன் காருக்குள் பிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் முதல் ஆளாகக் கேனை நிரப்பினேன். எழுதிக்கொண்டாள். ஒன்று.

அதோடு சரி. எங்கள் தெருக் கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. வளைவில் வேகம் குறையும், ப்ரோனாவைப் பார்க்கும், பங்க் கடையில் பால் வாங்க வந்து அதை மறந்துபோன மாதிரி நேரே போய்விடும். அசம்ப்டாவின் நீலக் கார் இரண்டு தடவை சுற்றியது. அவளுக்கும் டேங்க் வறண்டிருக்கிறது, வீடு குளிர்ந்திருக்கிறது, பாலினகால் சாலையில் பனி இறுகிக் கிடக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரே கூடி ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்குகிறது, அதுவும் தனக்கே கேடு என்று தெரிந்து!

பன்னிரண்டு மணி தாண்டியது. பர்டன் கண்ணாடியை இறக்கி, "வருத்தமா இருக்கும்மா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் போலிருந்தது.

"ரெண்டு மணின்னுதானே சொன்னாங்க? காபியைக் குடிங்க" என்றேன். கால் விறைத்துப்போயிருந்தது. அங்கிருந்து நகர்ந்தால் என் பெயர் டிம்ப்னா இல்லை.

அப்போதுதான் ஆலயத்துச் சுவர் ஓரமாக ஒருவன் வருவது தெரிந்தது. ஓவர்கோட்டு, கம்பளித் தொப்பி. நாலு எட்டு வைப்பான், சுவரைப் பிடித்து நிற்பான், மறுபடி நாலு எட்டு. கையில் காலிக் கேன்.

"அடப்பாவி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "இந்தக் குளிர்ல எதுக்குடா வந்தே?"

கேனை வாங்கப் போனேன். விடவில்லை.

"என் கேன்" என்றான். அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

பம்புக்குப் பக்கத்தில் நிலக்கரி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும்வரை இருந்தான். பர்டன் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"எழுதும்மா. பதினேழாம் நம்பர். யூனன் கோர்ம்லி. கேன்."

ப்ரோனா டேப்லெட்டைத் தள்ளிப் பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அன்னைக்கு நீங்க லாரின்னு சொன்னீங்க. ஐந்நூறு லிட்டர்னு."

"பொய் சொன்னேன்."

"ஏன் சார்?" என்று பர்டன் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யூனன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "என் சம்சாரம் மொய்ரா இருந்தப்போ... எங்க வாசல்ல லாரி நிக்கும். டிரைவருக்கு அவ ரொட்டியும் டீயும் கொடுப்பா. இந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. நான் அந்த வீட்டுக்காரனாத்தான் பதில் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "எங்கக்கா உண்மையைச் சொன்னா. அவளைக் கழிச்சுட்டீங்க. என் பொய்யை வச்சுக்கிட்டீங்க. அது நியாயமில்லை சார்."

எனக்குக் கண் மறைத்தது. மூக்கைச் சிந்துவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பின பக்கம் அசம்ப்டாவின் நீலக் கார் மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தது. யூனனும் பார்த்துவிட்டான். கூப்பிட அவனுக்கு மூச்சு கிடையாது. எழுந்து போய் வண்டிக்கு முன்னால் நின்று கையைக் காட்டிவிட்டான். அவள் பிரேக்கை மிதித்த சத்தத்தில் டெஸி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

யூனன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"அசம்ப்டா. பதினோராம் நம்பர். உன் கேன் பின்சீட்ல கோட்டுக்கு அடியில இருக்கு."

"யூனன், நீ... உனக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"உன் நாய் என்னைக் கடிச்சுதே, ஞாபகம் இருக்கா? ரெண்டு வாரம் நொண்டினேன். யார்கிட்டயாவது சொன்னேனா?"

"இல்லை."

"இதையும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு."

அவள் முகம் தக்காளியாகிவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆலயத்தைப் பார்த்தாள், டெஸியின் பலகையைப் பார்த்தாள், பிறகு யூனனின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். கோட்டை உருவி எறிந்துவிட்டுக் கேனை எடுத்து வந்து பம்புக்கடியில் ணங்கென்று வைத்தாள்.

"எழுதிக்கோ பொண்ணே. சீக்கிரம் எழுது, குளிருது. போன வருஷமும் கேன்தான். அதுக்கு முந்தின வருஷமும்." பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடி பாக்குறே? சோப்பு தீர்ந்துபோச்சு" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எத்தனை வருஷம் பஸ் அட்டவணையைப் படித்திருப்பாள், சனியன்.

அசம்ப்டா மக்ராஸனே கேனோடு நிற்கிறாள் என்றால் மற்றவர்களுக்கு என்ன? மலாக்கி வந்தான், பிளாஸ்டிக் செடியைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டான். வளைவில் தயங்கின கார்கள் எல்லாம் உள்ளே திரும்பின. யூனன் மூட்டை மேல் உட்கார்ந்தபடி ஒவ்வொருவரையும் வீட்டு நம்பர் சொல்லி வரவேற்றான், தபால் கொடுத்த நாள் மாதிரி. கேன்கள் தெருவரை நீண்டன. ப்ரோனாவின் விரல் விறைத்து டேப்லெட் கேட்கவில்லை, விரலைச் சூடேற்றிக்கொள்ள என் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.

டெஸி வரிசையையும் பார்த்தான், பர்டனையும் பார்த்தான். மெல்ல வெளியே வந்து பலகையில் ஒன்றரையைத் துடைத்துவிட்டு ஒரு பவுண்டு பத்து பென்ஸ் என்று எழுதத் தொடங்கினான்.

"டேய் டெஸி! காலையில நான் கொடுத்தது என்ன விலை?"

"அது... காலையில சந்தை வேற மாதிரி இருந்துச்சு டிம்ப்னா."

பர்டன் தன் போனை எடுத்துக் காட்டினார். "காலையிலேயே போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அந்த மனிதரை முதன்முதலாக எனக்குப் பிடித்தது.

இரண்டு மணிக்குக் கணக்கை முடித்தபோது எங்கள் தெருவில் வராத வீடு ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அடுத்த வாரம் விதி நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் கேனுக்கு ஒரு வரி சேர்ந்திருந்தது. விலை ஏற்றினால் டெஸி காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதுவதற்கு அவனுக்குச் சோம்பல், ஏற்றாமலே விட்டுவிட்டான்.

ஆனால் எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் கேன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு எதற்குக் கேன்? ஒளித்துக்கொண்டிருந்தவரை பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கலாமா என்று கேட்க வழியில்லை. இப்போது என்ன? அசம்ப்டாவின் சமையலறையில் உட்கார்ந்து லாரிக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஒரே தெரு. லாரி ஒரு தடவைதான் நிக்கணும். வீட்டுக்கு நூறு லிட்டர். பட்டியல்ல போட்ட விலை."

"அப்படி வழக்கமில்லைங்களே. ஒரு வீட்டுக்கு முந்நூறு..."

"சரி, வழக்கமில்லைன்னு மிஸ்டர் பர்டன்கிட்ட நானே சொல்லிடறேன். அவர் நம்பர் எனக்கு மனப்பாடம்."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கேட்டுவிட்டு வந்தார்கள். வியாழக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

வியாழக்கிழமை லாரி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சமையல் பாத்திரம் கழுவிவிட்டுச் சாயங்காலம் நேரே யூனன் வீட்டுக்குத்தான் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. உள்ளே அறைக்கு அறை சூடு தரும் ரேடியேட்டர் எல்லாம் ஓடுகிறது. அவன் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, தொப்பியும் அங்கேயே. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் முன்கையை எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறேனோ, குச்சியாக இருந்தது.

"அக்கா, ரொம்ப வேகுது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறயேன்" என்றான்.

"திறக்க மாட்டேன். நீ எழுந்து திறந்தே, உன் கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே கதவருகில் உட்கார்ந்து அழுதேன்.